திருப்பி அனுப்பிய கிழங்கு

எங்கள் வீடு டார்ம்ஸ்டாட்டில் நான்காம் மாடியில் இருந்தது. லிஃப்ட் கிடையாது. அந்தச் சனிக்கிழமை மதியம் படிக்கட்டில் தடதடவென்று சத்தம் கேட்டுக் கதவைத் திறந்தேன். எமேக்கா தோளில் ஒரு கிழங்கைச் சுமந்துகொண்டு ஏறி வந்தான்.

கிழங்கு என்றதும் உருளைக்கிழங்கை நினைக்காதீர்கள். இது யாம் கிழங்கு. தொடையளவு தடிப்பு, முழங்கை நீளம், மண் ஒட்டிய கறுத்த தோல். அவனுக்குப் பின்னால் அவனுடைய பெரியப்பா வந்தார். கால் வரை நீண்ட நீல அங்கி, பூ வேலை செய்த தொப்பி, இரு கையிலும் பச்சைக் குழந்தையை ஏந்துவதுபோல இன்னொரு கிழங்கு.

கீழ்வீட்டு ஜெர்மன் கிழவி கதவைப் பாதி திறந்து பார்த்தார்.

"மேலே விறகு எரிக்கத் தடை. தெரியும்தானே?"

"இது விறகில்லை, சாப்பாடு" என்றேன். அவர் கிழங்கைப் பார்த்தார், எமேக்காவைப் பார்த்தார், பட்டுச்சேலையில் நின்ற என்னைப் பார்த்தார். கதவைச் சாத்திவிட்டார்.

எமேக்கா மறுபடி இறங்கினான், ஏறினான், இறங்கினான். எங்கள் முன்னறையில் அப்பா பழைய பேப்பர்களை விரித்து வைத்திருந்தார். அதன்மேல் கிழங்குகள் வரிசையாகப் படுத்தன. கடைசிக் கிழங்கு எமேக்காவின் கை நழுவித் 'தொப்'பென்று விழுந்தது. பெரியப்பா அவனை ஒரு முறை முறைத்தார். பிறகு குனிந்து கிழங்கைத் தடவி, தங்கள் பாஷையில் அதனிடம் ஏதோ சொன்னார்.

"என்னவாம்?" என்று அம்மா என் காதில் கேட்டார். எமேக்காவிடம் கேட்டுச் சொன்னேன்.

"மன்னிப்புக் கேக்கிறார்."

"ஆரிட்டை?"

"கிழங்கிட்டை."

அம்மா தேத்தண்ணி போடப் போய்விட்டார். இது என்னைப் பெண் கேட்டு வந்த நாள். இந்தத் தொடரை வாசிக்கிற அக்காமார் இரண்டு பேர், "பல்லுக் கதை எழுதினது காணும், உன்ர கலியாணக் கதையைச் சொல்லன்" என்று கடையில் மறித்துக் கேட்டார்கள். சொல்கிறேன்.

முன்பல் இடைவெளி

அப்போது நான் ஒரு பல் கூடத்தில் வேலை செய்தேன். டாக்டர்கள் எடுத்து அனுப்பும் அச்சில் சுண்ணம் வார்த்து, செயற்கைப் பல் கட்டிக் கொடுப்பது எங்கள் தொழில். அந்த அச்சுப் பெட்டிகளைப் பிராங்பேர்ட்டில் இருந்து காலையில் வாகனத்தில் கொண்டுவருபவன் எமேக்கா.

அவன் சிரித்தால் முன்பல் இரண்டுக்கும் நடுவில் ஒரு இடைவெளி தெரியும். ஒருநாள் நான் தொழில் புத்தியில், "இதை லேசாக அடைத்துவிடலாம்" என்றேன்.

"அடைப்பதா? எங்கள் ஊரில் இந்த இடைவெளிக்காகத்தான் பெண் கொடுப்பார்கள்" என்றான்.

எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும். சிரிப்பு அவ்வளவு சுலபமாக வராது. அன்று வந்தது. அடுத்த நாளும் வந்தது. பிறகு அவன் வராத நாட்களில் சுண்ணம் சரியாக இறுகவில்லை என்று மற்றவர்களோடு எரிந்து விழுந்தேன்.

வீட்டில் சொன்னபோது அம்மா அழுதார். "எங்கட சனம் என்ன கதைக்கும் எண்டு யோசிச்சனியே?" யோசித்தேன். சனம் கதைத்ததும் எனக்குத் தெரியும். 'கறுவல்' என்று நாக்கூசாமல் சொன்ன வாய்களின் நிறமும் எனக்குத் தெரியும். அழுது முடிந்ததும் அம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டு, "சோறு தின்னுவானோ?" என்று கேட்டார். அந்தக் கேள்வியோடு பாதி வழி வந்துவிட்டார் என்று எனக்குத் தெரிந்தது.

அப்பா மட்டும் "பாப்பம்" என்றார்.

யாழ்ப்பாணத்து ஆம்பிளையின் வாயில் இருந்து 'பாப்பம்' வந்தால் அதற்கு என்ன பொருள் என்று கடவுளுக்கும் தெரியாது. சரி என்பதும் அதுதான், மாட்டேன் என்பதும் அதுதான். அந்த 'பாப்பம்' பல மாதம் எங்கள் வீட்டில் நடுக்கூடத்தில் உட்கார்ந்திருந்தது.

அப்பா ஊரில் செம்மண் தோட்டக்காரர். வெங்காயம், மிளகாய், புகையிலை. ஜெர்மனியில் ஒரு ஹோட்டல் குசினியில் கோப்பை கழுவினார். பால்கனி மட்டும் அவருடைய ராச்சியம். பெயின்ட் வாளிகளில் மிளகாய், கறிவேப்பிலை. அங்கே நாங்கள் உடுப்புக் காயப்போடவும் அனுமதி கேட்கவேண்டும்.

இன்னொரு விஷயமும் சொல்லவேண்டும். அப்பாவுக்கு எதிலும் முதல் தான்தான். ஊர்க் கோயில் திருவிழாவில் முதல் காளாஞ்சி யாருக்கு என்ற சண்டையில் சொந்த அண்ணரோடு பேச்சை விட்டவர். காளாஞ்சி என்றால் ஒரு வெற்றிலை, ஒரு பாக்கு, கொஞ்சம் பூ. அந்த அண்ணர் இப்போது டொரோண்டோவில். கோயில் ஊரில். சண்டை மட்டும் எங்களோடு விமானம் ஏறி வந்தது.

பயிரோ, கைக்குழந்தையோ?

எமேக்காவுக்குத் தகப்பன் இல்லை. தகப்பன் இடத்தில் நிற்பவர் இந்தப் பெரியப்பா. ஒபி மாமா என்று கூப்பிடுவேன். ஸ்டுட்கார்ட்டில் ஒரு கார்த் தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வுக்குக் காத்திருந்தார். அவர்களுடைய வட்டாரம் நைஜீரியாவின் கிழக்கே, ஒரு ஆற்றுக்கும் ஒரு குன்றுக்கும் நடுவில். ஒன்பது ஊர்கள். பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் எந்த ஊரின் பெயரை முதலில் எழுதினாய் என்று சண்டைக்கு வருவார்கள்.

அவர் பெண் கேட்க மட்டும் வரவில்லை, விசாரிக்கவும் வந்திருந்தார். அங்கே பெண்ணின் குடும்பம், மண், முன்னோர் எல்லாம் விசாரித்துத்தான் முடிவு. அப்பாவும் அதே விசாரணைக்குத் தயாராக வேட்டி கட்டி உட்கார்ந்திருந்தார். இரண்டு பேருக்கும் பொதுவான பாஷை உடைந்த ஜெர்மன். அதை நான் எங்கள் வாய்த் தமிழிலேயே தருகிறேன். அப்போதுதான் சூடு ஆறாது.

"உங்கட ஊரிலை, நீங்கள் பொம்பிளை குடுக்காத, எடுக்காத ஆக்கள் இருக்கினமோ?" என்று மாமா கேட்டார்.

அப்பா சுவரைப் பார்த்தார். "இருக்கினம்."

"எங்களிட்டையும் இருக்கினம்" என்றார் மாமா.

 இருவரும் அந்தக் கேள்வியை மற்றவரிடம் கேட்கத்தான் வந்திருந்தார்கள். கேட்டபின் இருவருக்கும் வெட்கமாக இருந்தது. நல்ல காலம், அப்பா பேச்சைத் தோட்டத்துக்குத் திருப்பினார்.

"உங்கட மண் என்ன நிறம்?"

"சிவப்பு."

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "எங்கடையும் சிவப்பு. கிணறு எத்தினை முழம்?"

"கிணறில்லை. மழை."

"மழையை நம்பியோ?" அப்பாவின் குரலில் இரக்கம் வந்துவிட்டது.

மாமா விளக்கினார். அவருடைய ஊருக்கு ஏழு பெரிய வெளிகள். ஒரு வருடத்துக்கு ஒரு வெளிதான் திறப்பார்கள். ஊரே சேர்ந்து பற்றை வெட்டி, கோடையில் எரித்து, முதல் மழை விழுந்ததும் மண்ணை இடுப்பளவு குவித்து, ஒவ்வொரு குவியலுக்குள்ளும் ஒரு விதைக் கிழங்கை வைப்பார்கள். மற்ற ஆறு வெளிகளும் காடாகிக் கிடக்கும்.

"ஆறு வெளியைச் சும்மா விடுறதோ?" அப்பாவால் தாங்க முடியவில்லை.

"சும்மா இல்லை. அது படுத்துறங்குது."

"எங்கட ஊரிலை காணி படுத்துறங்கினால் பக்கத்துக் காணிக்காரன் வேலியை எங்கட பக்கம் அரக்கிப் போடுவான்."

"நீங்கள் என்ன செய்வியள்?"

"வருசம் முழுக்கப் பயிர். வெங்காயத்துக்கு மூண்டு நாளைக்கு ஒருக்கால் தண்ணி."

மாமா வயிறு குலுங்கச் சிரித்தார். "அது பயிரோ, கைக்குழந்தையோ?"

அப்பாவுக்குச் சுருக்கென்றது. ஆனால் விடவில்லை. அறுவடை செய்த கிழங்கை எப்படி வைப்பீர்கள் என்று கேட்டார். நேராக நாட்டிய கம்புகளில் ஒன்றின்மேல் ஒன்றாக நாரால் கட்டுவார்களாம், நேர் வெயில் படாமல், காற்று மட்டும் படும்படி. "எங்கட வெங்காயமும் அப்பிடித்தான், பிடி கட்டித் தூக்குவம்" என்று அப்பா சொன்னபோது குரலில் கொஞ்சம் உறவு தெரிந்தது.

யாம் கிழங்கு ஆண்களின் பயிர் என்று மாமா சொன்னார். குவியல்களுக்கு நடுவில் போடும் சோளம், வெண்டி, பூசணி, சேம்பு எல்லாம் பெண்களுடையவை. ஒருவர் நட்டதில் மற்றவர் கை வைக்கக்கூடாது. நான் அதை அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன்.

"நல்ல ஊர்" என்று குசினியில் இருந்து அம்மாவின் சத்தம் வந்தது.

"உங்களுக்கு என்ன வயது?" என்று அப்பா கேட்டார். முதல் ஆள் யார் என்று தெரியாமல் அவருக்குத் தேத்தண்ணி இறங்காது.

"அம்மா என்னைப் பெறேக்கை எங்கட ஊருக்கு ஆத்தங்கரை வெளி திறந்திருந்தது. அதுதான் எனக்குத் தெரியும். பாஸ்போர்ட்டிலை கிடக்கிறது கந்தோர்க்காரன் ஒருத்தன் போட்ட வயது."

அப்பா விரல் விட்டு எண்ணினார். ஏழு வருடத்துக்கு ஒரு முறை அந்த வெளி திறக்கும். "அப்ப ஒரு சுற்றுக் கூட்டினால் நீங்கள் எனக்கு மூப்பு. கூட்டாட்டில் இளமை."

"ஓம்."

"அப்ப நீங்கள் எனக்கு இளமைதான்."

"எப்பிடித் தெரியும்?"

"முகத்திலை தெரியுது" என்றார் அப்பா. மாமாவின் தாடி முழுக்க நரை. எமேக்கா சிரிப்பை அடக்க ஜன்னலுக்கு வெளியே பார்த்தான்.

வேடன் தின்ற கிழங்கு

பிறகு மாமா தங்கள் வட்டாரம் உண்டான கதையைச் சொன்னார். ஒரு வேடன் அடிபட்ட மானைத் துரத்திக்கொண்டு வந்தானாம். மான் போய்விட்டது. ஒரு ஓடைக்கரையில் ஒரு பெண் கிழங்கு சுட்டுக்கொண்டிருந்தாள். பசியோடு வந்தவனுக்கு ஒரு கிழங்கு கொடுத்தாள். அவன் வாங்கிக்கொண்டான். அந்த இருவருக்கும் பிறந்த ஒன்பது பிள்ளைகள்தான் ஒன்பது ஊர்கள்.

"அவன் கிழங்கைத் திருப்பிக் குடுத்திருந்தால் நாங்கள் ஒருத்தரும் இல்லை" என்றார் மாமா.

அவர்களுடைய ஊர் ஒன்பதாவது பிள்ளையின் ஊர். புதுக்கிழங்கு விழாவில் முதல் துண்டு மூத்த ஊரின் மூத்த மனிதருக்கு. அவர் வாயில் வைக்கும்வரை அந்த வருடத்துக் கிழங்கை வேறு யாரும் தொடக்கூடாது. இவர்களுக்குக் கடைசியாகத்தான் வரும். "ஆனால் ஓடைக்கரைப் பொம்பிளை இருந்த இடம் எங்கட ஊர்தான். வேடன் வரமுந்தியே நாங்கள் அங்கை இருந்தனாங்கள்" என்று மாமா குரலை உயர்த்தினார்.

"அப்பிடிச் சொல்லுங்கோ" என்றார் அப்பா. முதல் மரியாதை பறிபோன ஒருவரைக் கண்டதில் அவருக்கு ஒரு ஆறுதல்.

"வேடன் கிழங்கைத் திண்டது மட்டுமில்லை" என்று மாமா தொடங்கியபோது அம்மா வடையும் பயற்றம் பணியாரமும் கொண்டுவந்து நடுவில் வைத்துவிட்டார். கதை பாதியில் நின்றது. அம்மாவின் வடைக்கு முன்னால் எந்த வேடனும் நிற்க முடியாது.

அப்பா கடைசிவரை 'பாப்பம்' என்று மட்டுமே சொன்னார். ஆனால் மாமா திருப்தியாகத்தான் தெரிந்தார். கிழங்கு வீட்டுக்குள் வந்துவிட்டது, அது போதும் என்று எமேக்கா என்னிடம் மெல்லச் சொன்னான். எனக்கு அன்று கால் தரையில் படவில்லை.

வெறும் பையோடு அனுப்புவதோ?

திங்கட்கிழமை எமேக்கா அச்சுப் பெட்டிகளை மேசையில் வைத்துவிட்டு, முகம் பார்க்காமல் போனான். செவ்வாயும் அப்படியே. புதன்கிழமை சுண்ணம் பூசிய கையோடு வாகனத் தரிப்பிடத்துக்கு ஓடிப்போய் மறித்தேன்.

"என்ன நடக்குது உனக்கு?"

"வேண்டாம் என்றால் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கலாம்" என்றான். "இப்படிப் பையில் கட்டி அனுப்பியிருக்க வேண்டாம்."

"எதைக் கட்டி?"

"கிழங்கை. இருந்ததிலேயே பெரிய இரண்டு கிழங்கு. பெரியப்பா ஸ்டுட்கார்ட்டில் போய்ப் பையை அவிழ்த்தபோதுதான் பார்த்தார்."

அவர்களிடம் பெண் வீட்டுக்குக் கொண்டுபோன கிழங்கு திரும்பி வந்தால் ஒரே பொருள்தான். பெண் இல்லை. சிறிய கிழங்கு திரும்பி வந்தால் யோசிக்கிறார்கள் என்று சமாதானம் சொல்லலாமாம். பெரியது வந்தால் இந்த வாசலை இனி மிதிக்காதே என்று பொருளாம்.

நான் வீட்டுக்குப் பறந்தேன்.

"அம்மா! கிழங்கைத் திருப்பி அனுப்பினீங்களோ?"

"ஓம். ஏன்?" அம்மா வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். "அவ்வளவையும் நாங்கள் மூண்டு பேர் என்ன செய்யிறது? கொண்டு வந்த ஆக்களை வெறும் பையோட அனுப்புறதோ? பணியாரமும் கதலிப்பழமும் வைச்சு, மேலை ரெண்டு கிழங்கும் வைச்சனான். நல்லதாப் பாத்து, பெரிசாத்தான் வைச்சனான்."

"ஐயோ அம்மா! உங்கட மரியாதையிலை இடி விழ!"

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தான் ஆண்டி என்பார்கள். இங்கே கெடுத்தது சங்கில்லை, என் வாழ்க்கை. விஷயத்தைச் சொன்னதும் அம்மா கத்தியைக் கீழே வைத்தார். முகம் செத்துப்போயிற்று. நாற்பது வருடமாக யாரையும் வெறுங்கையோடு அனுப்பாத மனுசி. அவரைத் திட்டவும் முடியவில்லை, திட்டாமல் இருக்கவும் முடியவில்லை.

எமேக்காவிடம் விளக்கினேன். அவன் முதலில் திகைத்தான், பிறகு சிரித்தான், பிறகு சிரிப்பு நின்றது. பெரியப்பா ஊருக்கு அறிவித்துவிட்டார். பெரியவர்கள் கூடிக் கதைத்தும் விட்டார்கள். திரும்பி வந்த கிழங்கு அதே வழியால் மறுபடி போகாது. அது அவர்கள் சட்டம்.

நானே ஸ்டுட்கார்ட்டுக்குத் தொலைபேசி எடுத்தேன். "அம்மா மரியாதைக்குத்தான் வைத்தார்" என்றேன். மாமா அமைதியாகக் கேட்டார். "உன் தாயை நம்புகிறேன் பிள்ளை. ஆனால் உன் தகப்பன் அன்று முழுக்க ஒரு தரமாவது 'ஓம்' என்று சொன்னாரா?"

 சொல்லவில்லையே.

பதிவுத் திருமணக் கந்தோரில் இலையுதிர் காலத்தில் ஒரு நாளுக்கு டெர்மின் எடுத்து வைத்திருந்தோம். "பெரியப்பா இல்லாமலும் நான் வருவேன்" என்றான் எமேக்கா. "ஆனால் அப்படி வந்தால் ஆளில்லாதவனாகத்தான் வருவேன். அதற்குப் பிறகு ஊரில் எனக்கு நிற்க ஒரு துண்டு மண் கிடையாது."

அவனை அப்படிக் கூட்டிவர எனக்கு மனம் வரவில்லை. அவனை விடவும் மனம் வரவில்லை. பல் கூடத்தில் யாரோ ஒருவருடைய மேல்தாடையைக் கோணலாகக் கட்டி, முதலாளியிடம் ஏச்சு வாங்கினேன்.

திருநீறு குறைந்த காரணம்

அந்தக் கோடையில் ஜெர்மனி முழுக்க உலகக் கிண்ணப் பந்தாட்ட வெறி. எதிர்வீட்டுப் பால்கனிகளில் எல்லாம் கொடி. எங்கள் வீட்டில் செத்த வீட்டு அமைதி. அம்மா சாமித் தட்டைத் துடைக்கும்போதெல்லாம், "திருநீறு என்ன இப்பிடிக் குறையுது? ஆரப்பா அள்ளிப் பூசுறது?" என்று முணுமுணுத்தார். நான் கவனிக்கவில்லை. கடவுளுடனும் எனக்கு அப்போது கோபம்.

ஒரு ஞாயிறு காலை அப்பா பால்கனியில் இருந்து தலையை நீட்டினார்.

"பிள்ளை, அந்த மனுசன்ர நம்பர் வைச்சிருக்கிறியோ?"

"எந்த மனுசன்?"

"ஸ்டுட்கார்ட் மனுசன். ஒண்டு கேக்கவேணும். இதுக்கு எவ்வளவு உயரத் தடி நடுறது?"

"எதுக்கு?"

"இதுக்கு."

போய்ப் பார்த்தேன். மிளகாய் வாளிகளுக்குப் பின்னால் மூன்று பெரிய பெயின்ட் வாளிகள். ஒவ்வொன்றிலும் இடுப்பளவு இல்லாவிட்டாலும் ஒரு சாண் உயரத்துக்கு மண் குவித்திருந்தது. அதிலிருந்து கொடி கிளம்பி, கம்பியைச் சுற்றி, பக்கத்து வீட்டுச் சாட்டலைட் தட்டில் ஏறியிருந்தது. இதய வடிவில் பச்சை இலைகள்.

"அப்பா, இது..."

"அம்மா சமைக்க வெட்டேக்கை தலைப்பக்கத்தை எடுத்து வைச்சனான். முளை வந்த தலையை ஆரும் குப்பையிலை போடுவினமோ? எங்கட இராசவள்ளிக் கிழங்குக்குச் செய்யிறமாதிரி, வெட்டு வாயிலை சாம்பல் தடவி வைச்சன்."

"சாம்பலுக்கு எங்கை போனனீங்கள்? எங்களிட்டைக் கரண்ட் அடுப்பெல்லோ?"

அப்பா சாமித் தட்டின் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். அம்மா உள்ளே இருந்து, "கடவுளே! சிவனே! கிழங்குக்கோ பூசினனீங்கள்?" என்று கத்தினார்.

நான் ஸ்டுட்கார்ட்டுக்கு எண் அழுத்தினேன். தடியின் உயரத்தைத்தான் கேட்டேன். 

"யார் நட்டது?"

"அப்பா."

"நாங்கள் கொண்டுவந்த கிழங்கையா?"

"ஓம். அதன் தலைகளை."

"அடுத்த சனிக்கிழமை வீட்டில் நிற்கச் சொல்" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

மூங்கில் தடி

சனிக்கிழமை மாமா வந்தார். எமேக்கா பின்னால். மாமாவின் தோளில் ஒரு கட்டு மூங்கில் தடி. ஸ்டுட்கார்ட்டில் வாங்கி, ரயிலில் அவ்வளவு தூரம் கொண்டுவந்திருந்தார். கீழ்வீட்டுக் கிழவி இந்த முறையும் கதவைத் திறந்தார். "இது விறகுதான்" என்று அவரே தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

மாமா முன்னறையில் உட்காரவில்லை. நேரே பால்கனிக்குப் போனார். குனிந்து மண்ணை விரலால் கிளறினார். இலையைத் திருப்பிப் பார்த்தார். கொடியைச் சாட்டலைட் தட்டில் இருந்து மெல்ல விடுவித்து, தடி நட்டுச் சுற்றிவிட்டார். அப்பா ஒவ்வொரு வாளியையும் பிடித்துக்கொண்டார்.  நானும் எமேக்காவும் கதவோரம் நின்று பார்த்தோம்.

வேலை முடிந்ததும் மாமா கையைத் துடைத்தார்.

"அண்டைக்குக் கதையைப் பாதியிலை விட்டிட்டன். வேடன் கிழங்கைத் தின்னேக்கை தலையை வெட்டி வைச்சிருந்தவன். அதை ஓடைக்கரையிலை நட்டவன். நட்டதாலைதான் நிண்டவன். திண்டிட்டுப் போறவன் விருந்தாளி. நட்டவன் சொந்தம்."

அப்பா வாளியின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தார்.

"உங்கட வீட்டிலை இருந்து கிழங்கு திரும்பி வந்தது. உங்கட வீட்டிலை கிழங்கு முளைச்சும் நிக்குது. ரெண்டும் ஒரு வீட்டின்ர பேச்சாய் இருக்க ஏலாது. எது உங்கட பேச்சு?"

அப்பா என்னைப் பார்த்தார். எமேக்காவைப் பார்த்தார். அவன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். பல மாதமாக எங்கள் வீட்டில் உட்கார்ந்திருந்த அந்தப் 'பாப்பம்' இன்னொரு தரம் வந்துவிடுமோ என்று நான் பயந்தேன்.

"திருப்பி அனுப்பினது மனிசி" என்றார் அப்பா. "நட்டது நான்."

மாமா அசையவில்லை. "ஏன் நட்டனீங்கள்?"

"நல்ல கிழங்கு." அப்பா ஒரு இலையை நிமிர்த்திவிட்டார். "கொண்டு வந்த பெடியனும் நல்ல பெடியன். கீழை விழுந்த கிழங்கிட்டை மன்னிப்புக் கேக்கிற வீடு பிள்ளையை எறிஞ்சு விழுத்தாது எண்டு நினைச்சன்."

நான் அழுதுவிட்டேன். எனக்கு அதை மறைக்கத் தெரியவில்லை, மறைக்கவும் விருப்பமில்லை.

"யாம் ஆம்பிளையளின்ர பயிர்" என்று மாமா நிமிர்ந்து அறிவித்தார். "அப்ப நட்டவரின்ர பேச்சுத்தான் பேச்சு. ஊருக்கு நான் சொல்லுறன்."

குசினியில் இருந்து அம்மா வந்து நின்றார். நான் தமிழில் சொன்னதும் இடுப்பில் கையை வைத்தார். "ஓ, பொம்பிளை செய்தது கணக்கிலை இல்லையோ? அப்ப இண்டைக்குச் சமையலையும் ஆம்பிளையளே பாக்கட்டும்."

அதை நான் ஜெர்மனில் சொன்னேன். மாமா உடனே தொப்பியைக் கழற்றி அம்மாவுக்குத் தலை குனிந்தார். அம்மா அன்று அவர்களை வெறும் பையோடு அனுப்பினார். பல்லைக் கடித்துக்கொண்டு, கண்ணில் நீர் முட்ட, ஒரு பணியாரம்கூட வைக்காமல் அனுப்பினார். அவருடைய வாழ்க்கையில் அதுதான் பெரிய தியாகம்.

"கிளறேக்கை மருமகன் பக்கத்திலை நிக்கவேணும்" என்று அப்பா வாசலில் சொன்னார். "எனக்குக் குனிய ஏலாது."

முதல் துண்டு

குளிர் தொடங்கியதும் அப்பா வாளிகளை முன்னறைக்குக் கொண்டுவந்து ஹீட்டரோடு வைத்தார். எங்கள் கலியாணப் படங்கள் சிலவற்றில் பின்னால் அந்தக் கொடி தெரியும். நத்தார் பண்டிகை முடிந்து கொடி காய்ந்த பிறகு ஒருநாள் எல்லோரும் கூடினோம். எமேக்கா வாளியைக் கவிழ்த்தான். அப்பா சோற்றகப்பையால் மண்ணைக் கிளறினார்.

மூன்று வாளியிலும் சேர்த்து ஒரு கைப்பிடி கிழங்கு. ஒன்று வாளியின் வளைவிலேயே வளைந்திருந்தது. அப்பாவும் மாமாவும் அதைக் கையில் மாற்றி மாற்றி வாங்கிப் பார்த்தார்கள். மண்ணைக் குறை சொன்னார்கள், வெயிலைக் குறை சொன்னார்கள், வாளிக் கம்பனியைக் குறை சொன்னார்கள். அம்மா அவித்து, துண்டு போட்டு, தட்டில் கொண்டுவந்து வைத்தார்.

யாரும் கை நீட்டவில்லை. புதுக்கிழங்கு. மூத்தவர் வாயில் வைக்கும்வரை யாரும் தொடக்கூடாது. எமேக்கா என்னைப் பார்த்தான். மாமா கையை மடியில் வைத்துக்கொண்டு அப்பாவைப் பார்த்தார். வீடு அப்பாவுடையது, நட்டதும் அப்பா, மாமா தனக்கு இளமை என்று அடித்துச் சொன்னதும் அப்பா. மாமா அதை ஒத்துக்கொள்ளத் தயாராகத்தான் இருந்தார்.

அப்பா தட்டை எடுத்தார். பெரிய துண்டாகப் பார்த்து முன்னுக்குத் தள்ளினார். தட்டை மாமா பக்கம் நீட்டினார்.

"அந்த ஆத்தங்கரை வெளிக் கணக்கிலை ஒரு சுற்றுக் கூட்டி வையுங்கோ" என்றார். அதை ஜெர்மனில் சொன்னார். அடுத்ததைத் தமிழில் சொன்னார். "எடுங்கோ, அண்ணை."

டொரோண்டோவில் இருக்கிற சொந்த அண்ணரை அப்பா அப்படிக் கூப்பிட்டு இருபது வருடத்துக்கு மேல். மாமா அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று கேட்கவில்லை. துண்டை எடுத்து வாயில் வைத்தார். அம்மா அடுப்பை நிறுத்திவிட்டு வருகிறேன் என்று குசினிக்குப் போனார். அடுப்பு முதலே நின்றிருந்தது.